ஏரியைத் தேடினால் பீரங்கி வண்டி வரும்: பல்கலைக்கழக நூலகக் கேட்டலாக்கில் புத்தகம் கண்டுபிடிப்பது எப்படி

போன ஆடி மாதம் ஓர் ஆராய்ச்சி மாணவி என் மேஜைக்கு வந்து நின்றார். பிஎச்டிக்குச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "மேடம், நம்ம லைப்ரரியில ஏரிப் பாசனத்தப் பத்தி ஒரு புக்குகூட இல்ல மேடம்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் மேலே, இரண்டாம் மாடியில், ஒரு ரேக்கில் பாதி அதைப் பற்றியதுதான்.

எப்படித் தேடினீர்கள் என்று கேட்டேன். கேட்டலாக்கில் 'ஏரி' என்று அடித்திருக்கிறார். மூன்று புத்தகங்கள் வந்தன. ஒரு நாவல், ஒரு கவிதைத் தொகுப்பு, ஒரு சிறுவர் கதை. சரி, ஆங்கிலத்தில் பார்ப்போம் என்று 'லேக்' போட்டால் நன்னீர் உயிரியல் வந்தது. யாரோ சீனியர் சொன்னார் என்று 'டேங்க்' போட்டிருக்கிறார். நம் ஊர் ஆங்கிலத்தில் ஏரிக்கும் குளத்துக்கும் டேங்க்தானே. அது பெட்ரோல் டேங்க், மேல்நிலைத் தொட்டி வடிவமைப்பு, இரண்டாம் உலகப்போரில் ஓடிய பீரங்கி வண்டி என எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டியது. மாணவி வெறுத்துப்போய்விட்டார்.

இருபத்திரண்டு வருஷமாக நூலகத்தில் இருக்கிறேன். பாதி நாள் இதே கதைதான், ஏரிக்குப் பதில் வேறு ஏதாவது இருக்கும். அதனால் ஒருமுறை உட்கார்ந்து எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கேட்டலாக்குக்கு (ஓபேக் என்று நாங்கள் சொல்வது இதைத்தான்) புத்தகத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. கூகுள் பக்கங்களுக்குள் புகுந்து பார்ப்பதுபோல் இது பார்க்காது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சின்னக் குறிப்பு இருக்கும்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்கம், இரண்டு மூன்று பொருள்தலைப்பு, ரேக்கில் வைக்கும் எண். முன்பு இதெல்லாம் கையகல அட்டையில், 12.5க்கு 7.5 சென்டிமீட்டரில், மரப்பெட்டி டிராயருக்குள் இருந்தது. எங்கள் நூலகத்தில் அந்த அட்டைகளைக் கணினியில் ஏற்றியபோது அடித்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரு நாளைக்கு இத்தனை என்று கணக்கு. மதியம் மூன்று மணிக்குமேல் கண் சொக்கும். அந்த நேரத்தில் அடித்த பதிவுகள்தான் இன்று உங்கள் திரையில் வருகின்றன. எனவே தேடும்போது 'இந்தப் புத்தகத்துக்கு அட்டை எழுதியவர் என்ன சொல் போட்டிருப்பார்?' என்று யோசியுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

ஏரிக்கு வருவோம். தமிழ்நாட்டு ஏரிப் பாசனம் பற்றி ஆராய்கிறவர்கள் தவறாமல் படிப்பது டேவிட் மோஸ் எழுதி 2003இல் வந்த 'தி ரூல் ஆஃப் வாட்டர்'. ஆங்கிலத் தலைப்பில் ஏரி இல்லை, டேங்க் இல்லை, துணைத்தலைப்பிலும் இல்லை. தலைப்பில் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் ஆயுசுக்கும் கண்ணில் படாது. ஆனால் அட்டை எழுதுகிறவர் பொருள்தலைப்பு என்ற இடத்தில், புத்தகம் எதைப் பற்றியதோ அதைப் பொதுச்சொல்லில் எழுதியாக வேண்டும். பாசனம், இந்தியா, தமிழ்நாடு, அந்த மாதிரி.

அந்த மாணவியை என் பக்கத்தில் உட்காரவைத்துச் செய்தது இதுதான். தேடல் பெட்டிக்குப் பக்கத்தில் கீழே இறங்கும் பட்டியல் ஒன்று இருக்கும். அதில் 'கீவேர்ட்' என்று இருந்ததை 'சப்ஜெக்ட்' என்று மாற்றினோம். ஆங்கிலத்தில் 'இரிகேஷன்' என்றும் 'தமிழ்நாடு' என்றும் அடித்தோம். நாற்பது சொச்சம் வந்தது. அதில் பொருத்தமாகத் தெரிந்த ஒன்றைத் திறந்து, உள்ளே நீல நிறத்தில் இருந்த பொருள்தலைப்பைச் சொடுக்கினோம். அதே தலைப்பு போட்ட மற்றப் புத்தகங்கள் வரிசையாக வந்து நின்றன. நான் முழுசாக நம்புகிற ஒரே தந்திரம் இது: எப்படியாவது ஒரு நல்ல புத்தகத்தைப் பிடியுங்கள், அப்புறம் அதன் பொருள்தலைப்பு மற்றதைப் பிடித்துத் தரும்.

பொருள்தலைப்புகளுக்கும் வயசாகும் என்பதை மறக்காதீர்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தலைப்புப் பட்டியலைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள். அங்கே சமையலுக்கு நெடுங்காலம் 'குக்கரி' என்று இருந்ததை 2010இல் 'குக்கிங்' என்று மாற்றினார்கள். பழைய பதிவை யாரும் திருத்தாத நூலகத்தில் இரண்டும் இருக்கும், இரண்டு விதமாகவும் தேட வேண்டியிருக்கும்.

தமிழில் தட்டச்சு செய்து தேடுகிறவர்களுக்கு இன்னொரு தலைவலி. கணினி சொல்லை முழுச் சொல்லாகப் பார்க்கிறது. 'ஏரி' என்று தேடினால் 'ஏரிகள்' வராது, 'ஏரிப்பாசனம்' வராது. இதற்கு நட்சத்திரக் குறி போட வேண்டும். 'ஏரி*' என்றால் ஏரியில் தொடங்கும் எல்லாச் சொல்லும் வரும். எங்கே வெட்டுவது என்பதில்தான் சூட்சுமம். 'வரலாறு*' என்று போட்டால் 'வரலாற்று', 'வரலாற்றில்' எல்லாம் தப்பிவிடும், ஏனென்றால் று என்பது ற்று ஆகிவிட்டது. 'வரலா*' என்று வெட்டுங்கள். 'நாடு', 'நாட்டு' இரண்டும் வேண்டும் என்று 'நாட*' போட்டால் நாடகம் முழுவதும் சேர்ந்து வரும், அது தலைவிதி. ஒற்றும் கவனம். 'தமிழ்ப் பண்பாடு' என்று ஒருவர் அடித்திருப்பார், 'தமிழ் பண்பாடு' என்று இன்னொருவர். அட்டை எழுதியவருக்குச் சந்தி தெரியுமா தெரியாதா என்று நீங்கள் எப்படிக் கண்டீர்கள்? 'பண்பா*' மட்டும் தேடுவது நிம்மதி.

கண்ணுக்குத் தெரியாத பிழையும் உண்டு. 'கௌரி' என்று திரையில் பார்ப்பீர்கள். அடித்தவர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பையும் ள எழுத்தையும் போட்டிருப்பார். பார்வைக்கு ஒன்றேதான், கணினிக்கு வேறு வேறு. 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளிலும் பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பதிவுகளில் இந்தக் கோளாறு வரும். தமிழில் இருக்கவே இருக்கும் என்று உறுதியாகத் தெரிந்த புத்தகம் வரவில்லையென்றால், கொம்புள்ள சொல்லை விட்டுவிட்டுத் தலைப்பின் வேறு சொல்லால் தேடிப் பாருங்கள்.

தமிழ் நூல்களின் ஆங்கில மொழிபெயர்ப்புதான் உச்சம். சிலப்பதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வி. ஆர். ராமச்சந்திர தீட்சிதரின் மொழிபெயர்ப்பு 1939இல் வந்தது, ஆங்கிலத் தலைப்பு எஸ் எழுத்தில் தொடங்கும். அலென் டேனியலூ 1965இல் செய்தது எஸ் போட்டுப் பக்கத்தில் ஹெச் போட்டிருக்கும். ஆர். பார்த்தசாரதியின் 1993 மொழிபெயர்ப்பு சி எழுத்தில் தொடங்கும், கல்விப்புல எழுத்துப்பெயர்ப்பு முறையில் நம் ச-வுக்கு அதுதான் வழக்கம். அகர வரிசையில் மூன்றும் மூன்று ஊரில் இருக்கும். இளங்கோவடிகள் பெயரைப் போட்டுத் தேடலாம் என்றால் அதையும் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள்.

எம்ஏ இரண்டாமாண்டுப் பையன் ஒருவன் டேனியலூ நம்மிடம் இல்லை என்று முடிவுகட்டி, வெளியூர் நூலகத்துக்குப் போக டிரெயினில் டிக்கெட் போட்டுவிட்டான். தீட்சிதர் மட்டும்தான் அவனுக்குக் கிடைத்திருந்தது. நான் தீட்சிதரின் பதிவைத் திறந்து, ரேக் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த 'பிரௌஸ் ஷெல்ஃப்' என்ற இணைப்பைச் சொடுக்கினேன். 894.8111. ரேக்கில் அதற்கு இருபக்கமும் நிற்கிற புத்தகங்கள் திரையில் வந்தன. டேனியலூ இரண்டு புத்தகம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். எழுத்து மாறினாலும் எண் மாறாது. பையன் டிக்கெட்டை கேன்சல் செய்தானா, அந்தச் சாக்கில் ஊர் சுற்றப் போனானா என்று எனக்குத் தெரியாது.

இந்தச் 'ஷெல்ஃப்' இணைப்பு கோஹா மென்பொருள் வைத்திருக்கும் நூலகங்களில் இருக்கும், நூலகம் அதை நிறுத்திவைக்காமல் இருந்தால். கோஹா நியூசிலாந்து நூலகம் ஒன்றுக்காகச் செய்யப்பட்டு 2000இல் பயன்பாட்டுக்கு வந்த இலவச மென்பொருள். மவோரி மொழியில் அன்பளிப்பு என்று அர்த்தம். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவும் இதைத்தான் வைத்திருக்கின்றன.

ஆசிரியர் பெயரைத் தேடும்போது இனிஷியலைப் போடாதீர்கள். மு. வரதராசனுக்கு 'வரதராசன்' என்றும், கிடைக்காவிட்டால் 'வரதராஜன்' என்றும் தேடுங்கள். புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டாரா இல்லையா என்ற சண்டைக்கே போக வேண்டாம். ஆங்கிலப் பதிவுகளில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எண்ணிக்கொண்டு சேதுப்பிள்ளையைப் 'பிள்ளை'யின் கீழும் சாமிநாதையரை 'ஐயர்' கீழும் கொண்டுபோய் வைத்திருப்பார்கள். எத்தனை பிள்ளை, எத்தனை ஐயர்! அப்படிப்பட்ட இடத்தில் ஆசிரியர் பெயரோடு தலைப்பின் ஒரு சொல்லையும் சேர்த்து மேம்பட்ட தேடலில் போடுங்கள்.

ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் பின்னட்டையில் இருக்கும் அடையாள எண், அதை வைத்துத் தேடுவதை நான் கடைசியில்தான் வைப்பேன். 2007க்கு முன்பு அது 10 இலக்கம், அதற்குப் பிறகு 13. கடையில் பார்த்த புது அச்சின் எண்ணைக் கொடுத்தால், ரேக்கில் உள்ள பழைய அச்சு வராது.

பதிவு கிடைத்துவிட்டது. உடனே எண்ணை மட்டும் போனில் படம் பிடித்துக்கொண்டு மாடிக்கு ஓடுவார்கள். நில்லுங்கள். பதிவின் கீழே உள்ள அட்டவணையைப் படியுங்கள். எந்தக் கட்டடம்? மத்திய நூலகமா, துறை நூலகமா? 'செக்டு அவுட்' என்றால் வேறொருவர் எடுத்துப் போயிருக்கிறார். உங்கள் கணக்கில் நுழைந்து 'ஹோல்ட்' போட்டால் திரும்பி வந்ததும் உங்களுக்கு எடுத்துவைப்போம். 'நாட் ஃபார் லோன்' என்றால் அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும், வேண்டிய பக்கத்தை ஜெராக்ஸ் எடுக்கலாம். 'அவெய்லபிள்' என்று இருந்தும் ரேக்கில் இல்லையென்றால் மேஜைகளின்மேல் பாருங்கள், திரும்ப அடுக்கக் காத்திருக்கும் டிராலியில் பாருங்கள். அப்புறம் எங்களிடம் வாருங்கள். தேர்வு சமயத்தில் சில புத்தகங்கள் சம்பந்தமே இல்லாத ரேக்கின் பின்வரிசையில் ஒளிந்துகொள்ளும். யார் ஒளித்துவைக்கிறார்கள் என்று எங்களுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

ரேக்கில் எண்ணைத் தேடும்போது புள்ளிக்குப் பின்னால் வருவது தசமம் என்று நினைவிருக்கட்டும். 631.587 என்பது 631.6க்கு முன்னால் வரும். ஐந்நூற்று எண்பத்தேழு பெரியதாயிற்றே என்று ஆறைத் தாண்டிப் போய்த் தேடுகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேர். எண்ணுக்குக் கீழே உள்ள மூன்று எழுத்து பெரும்பாலும் ஆசிரியர் பெயரின் தொடக்கம். ஒரே எண்ணில் ஐம்பது புத்தகம் இருந்தால் அதுதான் வழி காட்டும்.

ஒரு பொருள் ஒரே ரேக்கில் இருக்கும் என்றும் எண்ணாதீர்கள். நாங்கள் ரேக் எண் போடப் பின்பற்றும் டியூவி பகுப்பில் பாசனத்தை நீர்வளம், பொருளாதாரம் என்று பார்த்தால் 333.91. வேளாண்மையாகப் பார்த்தால் 631.587. அணை, மதகு, வாய்க்கால் கட்டுவது என்று பார்த்தால் 627.52. தமிழ்நாட்டு வரலாற்றில் அதைப் பற்றி எழுதியிருந்தால் 954.82. அந்த மாணவிக்கு நான் துண்டுச்சீட்டில் எழுதிக்கொடுத்தது இந்த நான்கு எண்ணைத்தான். அதை அவர் இன்னும் தன் போன் உறைக்குள் வைத்திருக்கிறார்.

பழைய நூலகங்கள் சிலவற்றில் எழுத்தும் எண்ணும் முக்காற்புள்ளியும் கலந்து வரும், பயப்பட வேண்டாம். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அவர் 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்பு அது. வரலாற்றுக்கு ஆங்கில எழுத்து வி, இந்தியாவுக்கு 44, இரண்டையும் சேர்த்தால் இந்திய வரலாறு. அந்த எண் புத்தகத்தின் முதுகில் எப்படி இருக்கிறதோ அப்படியே பார்த்து நடந்தால் போதும்.

இனி ஜர்னல். இங்கேதான் எல்லோரும் வழுக்கி விழுகிறார்கள். கட்டுரைத் தலைப்பைக் கேட்டலாக்கில் அடித்துவிட்டு இல்லை என்கிறார்கள். நூலகத்தில் இருப்பது இதழ். கட்டுரை அதற்குள்ளே இருக்கிறது, அதற்கு யாரும் தனி அட்டை எழுதுவதில்லை. மேற்கோளை எடுத்து, இதழின் பெயர், வால்யூம், இஷ்யூ, ஆண்டு, பக்கம் என்று பிரித்துத் தாளில் எழுதுங்கள். இதழின் பெயரை மட்டும், சுருக்காமல் முழுசாக, தலைப்புத் தேடலில் போடுங்கள். 'ஈபிடபிள்யூ' என்று போட்டால் வராது, 'எகனாமிக் அண்ட் பொலிடிக்கல் வீக்லி' என்று முழுப் பெயரை ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

அப்படி அடித்தும் வரவில்லை என்று வேறொரு மாணவர் வந்தார். அவருக்கு வேண்டியது 1958இல் வந்த கட்டுரை. அந்த வார இதழ் 1949இல் தொடங்கியபோது அதன் பெயர் 'எகனாமிக் வீக்லி'. 'பொலிடிக்கல்' சேர்ந்த பெயரில் வந்தது 1966இலிருந்துதான். பழைய பெயரில் தேடினோம், பைண்டிங் செய்த தொகுதிகள் தரைத்தளத்தில் தூசியோடு இருந்தன. இதழ்கள் பெயர் மாற்றும், இரண்டாகப் பிரியும், ஒன்றோடொன்று சேரும். பதிவில் 'முன்னைய தலைப்பு', 'பின்னைய தலைப்பு' என்று அர்த்தம் வரும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு இதழ் இருந்தால் ஐஎஸ்எஸ்என் என்ற இதழ் அடையாள எண்ணைப் பார்த்துப் பிரிக்கலாம். எட்டு இடம், நடுவில் ஒரு கோடு, கடைசியில் சிலசமயம் எக்ஸ் என்ற எழுத்து இருக்கும். அது அச்சுப்பிழை இல்லை.

இதழ் பதிவில் நீங்கள் படிக்க வேண்டியது எங்களிடம் எந்தெந்த ஆண்டு இருக்கிறது என்ற வரியை. இதழ் கேட்டலாக்கில் இருக்கிறது என்பதற்காக எல்லா ஆண்டும் இருக்கிறது என்று ஆகாது. சந்தா நின்ற ஆண்டுகள் இருக்கும், தபாலில் தொலைந்த இஷ்யூ இருக்கும், பைண்டிங்குக்குப் போயிருக்கும். புது இதழ்கள் வாசிப்பறை முன்தட்டில், பழையவை தடித்த தொகுதிகளாக வேறிடத்தில். கிளம்புவதற்கு முன் எது எங்கே என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்னிதழ்கள் பல நூலகங்களில் கேட்டலாக்குக்குள் வருவதே இல்லை, நூலக இணையதளத்தில் தனிப் பக்கத்தில் இருக்கும். 2025 ஜனவரியிலிருந்து மத்திய அரசின் 'ஒன் நேஷன் ஒன் சப்ஸ்கிரிப்ஷன்' திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்திருக்கின்றன. அச்சில் இல்லை என்று கைவிடுவதற்கு முன் அங்கேயும் ஒரு நடை போய்வாருங்கள். வளாக வைஃபையில் தானாகத் திறக்கும். வளாகத்துக்கு வெளியே, வீட்டில் இருந்தால், நூலகத்தில் பதிவுசெய்து வாங்கிய லாகின் வேண்டும். பணம் கேட்கும் பக்கம் வந்தால் கார்டை எடுக்காதீர்கள், எங்களுக்கு ஒரு போன் போடுங்கள்.

எங்கள் நூலகத்திலேயே இல்லையென்றால்? இந்தியப் பல்கலைக்கழக நூலகங்களின் கூட்டுப் பட்டியல் ஒன்றை, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் மத்திய அமைப்பான இன்ஃப்லிப்நெட், 'இண்ட்கேட்' என்ற பெயரில் வைத்திருக்கிறது. எந்த ஊரில் இருக்கிறது என்று அதில் பார்த்து, நூலகங்களுக்கிடையே இரவல் கேட்டு விண்ணப்பம் கொடுக்கலாம். ஆய்வேடுகளுக்குச் சோத்கங்கா என்ற இணையதளம், அதுவும் இன்ஃப்லிப்நெட்டுடையதுதான். உங்கள் தலைப்பில் முன்பே எழுதியவரின் ஆய்வேட்டைத் திறந்து அதன் துணைநூற்பட்டியலை எடுத்துக்கொண்டு கேட்டலாக்குக்குத் திரும்பி வாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிடக் குறுக்குவழி இல்லை. பழைய தமிழ் அச்சு நூல் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னையில் ரோஜா முத்தையா நூலகம், கன்னிமாரா. கன்னிமாரா 1896இல் திறந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி போய்ச்சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று.

ஏரி மாணவி அன்று மாலை நான்கு புத்தகங்களோடு கவுண்டருக்கு வந்தார். ஐந்தாவது ஒன்று கையில் தனியாக இருந்தது. "மேடம், இது ரேக்ல இருந்துச்சு, ஆனா கேட்டலாக்ல தேடினா வரவே இல்ல." வாங்கிப் பார்த்தேன். தமிழ்ப் புத்தகம், தலைப்பிலேயே பாசனம் என்று இருக்கிறது. பார்கோடை ஸ்கேன் செய்தேன். பதிவு இருந்தது. 'பாசணம்' என்று அடித்திருந்தது. பதிவேற்றியவர் பெயர்ச்சுருக்கம் கீழே இருந்தது, என்னுடையதுதான். பத்து வருஷத்துக்கு மேலாக அந்தப் புத்தகத்தை ஒருவரும் எடுக்கவில்லை.

திருத்த இரண்டு நிமிஷம் ஆனது. அந்த மாதிரி இன்னும் எத்தனை இருக்கிறதோ. கண்ணில் பட்டால் பார்கோடு எண்ணைத் துண்டுச்சீட்டில் எழுதி என் மேஜையில் வையுங்கள், நான் சாப்பிடப் போயிருந்தாலும் பரவாயில்லை, பேப்பர் வெயிட்டுக்குக் கீழே வைத்துவிட்டுப் போங்கள்.